இருதயத்தின் வரவு செலவுக் கணக்கு



நமது இதழில் வழக்கமாக வரி விவரங்கள், சட்டத் திருத்தங்கள், சரக்கு நிலவரம் ஆகியவற்றைப் படித்துப் பயன் பெறுகிறோம். இந்தக் கட்டுரையில் நான் எழுதப்போவது வேறொரு கணக்கு. நம் ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 7,200 லிட்டர் சரக்கைக் கைமாற்றும் ஒரு நிலையம் இருக்கிறது. அதற்கு வார விடுமுறை கிடையாது, கடையடைப்பும் கிடையாது. அந்த நிலையத்தின் கணக்கு தெரியாமல் நான் செய்த ஒரு தவறினால் 2019ஆம் ஆண்டு பிழைத்து எழுந்ததே பெரும்பாடு ஆயிற்று. எனக்கு நேர்ந்தது மற்ற வணிகர்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

நான் டாக்டர் அல்ல. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பருப்பு, மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்து வருபவன். எனக்கு வைத்தியம் செய்த டாக்டர் சொல்லித் தந்ததையும், பிறகு நானே தேடிப் படித்துத் தெரிந்து கொண்டதையும் நமக்குப் புரிகிற வியாபாரக் கணக்கில் தருகிறேன்.

நடந்தது என்ன?

2018 தீபாவளி சீசன். அப்போது எனக்கு வயது 57. கிட்டங்கி மாடிக்குப் பதினெட்டுப் படிகள். முன்பெல்லாம் ஒரு நாளில் பத்துத் தடவை ஏறி இறங்குவேன். அந்த சீசனில் பாதிப் படியிலேயே மூச்சு வாங்கியது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் இல்லை. மாலையில் செருப்பு இறுக்கியது. கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்தது. நாள் முழுவதும் நிற்பதால் வந்த வீக்கம் என்று நினைத்தேன். இரவில் படுத்தால் இருமல். வாயுத் தொல்லை என்று சோடா குடித்தேன். பிரஷர் இருப்பது பத்து வருடமாகவே தெரியும். மாத்திரையை நினைத்தால் போடுவது, மறந்தால் விடுவது என்றுதான் ஓட்டிக் கொண்டிருந்தேன்.

சீசன் முடிந்ததும் பையன் வற்புறுத்தி டாக்டரிடம் அழைத்துப் போனான். எக்கோ பரிசோதனை எடுத்தார்கள். அறிக்கையில் 35 சதவீதம் என்று எழுதியிருந்தது. "பள்ளிக்கூடத்தில் 35 எடுத்தால் பாஸ்தானே டாக்டர்?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மூன்று விதமான மாத்திரைகளை எழுதிக் கொடுத்து, விடாமல் சாப்பிட வேண்டும் என்றார்.

நான்கு மாதத்தில் வீக்கம் வடிந்தது, படியும் ஏற முடிந்தது. மார்ச் மாதம், ஆண்டுக் கணக்கு முடிக்கிற நெருக்கடி. மருந்து வாங்கப் போன இடத்தில் தெரிந்தவர் ஒருவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் பிரஷர் மாத்திரைதானே அண்ணாச்சி, உங்களுக்குத்தான் பிரஷர் இறங்கிவிட்டதே! இதில் ஒன்று இருதயத் துடிப்பையே குறைக்கிற மாத்திரை. பலவீனமான இருதயத்துக்கு இது எதற்கு?" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இளைத்த மாட்டை யாராவது இழுத்துப் பிடித்துக் கட்டுவார்களா? எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டேன்.

ஏப்ரல் மாதம் ஓர் இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறி எழுந்தேன். தண்ணீருக்குள் முங்கியவன் போல இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாட்கள். நான்காவது நாள், டாக்டர் என் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "அண்ணாச்சி, உங்களுக்கு மருந்து கொடுப்பதைவிடக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் அவசரம்" என்றார். இனி வருவது அந்தக் கணக்கு.

எழுபதை எழுபதால் பெருக்குங்கள்

இருதயம் ஒரு தடவை சுருங்கும்போது சுமார் 70 மில்லி இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. ஒரு சிறிய டம்ளர் காப்பி அளவு. நிமிடத்திற்குச் சுமார் 70 தடவை துடிக்கிறது. 70ஐ 70ஆல் பெருக்கினால் 4,900 மில்லி, ஏறக்குறைய 5 லிட்டர். இதுதான் ஒரு நிமிட விற்றுமுதல். நம் உடம்பில் உள்ள மொத்த இரத்தமே 5 லிட்டர் அளவுதான். ஆக, மொத்த சரக்கும் நிமிடத்திற்கு ஒரு தடவை சுற்றி வந்து விடுகிறது. நாள் ஒன்றுக்கு ஒரு லட்சம் துடிப்பு. வருடத்திற்கு 26 லட்சம் லிட்டர்!

விற்றுமுதலைக் கூட்ட வேண்டும் என்றால் இரண்டே வழிதான் உண்டு. ஒரு நடைக்கு ஏற்றும் மூட்டையைக் கூட்டலாம், அல்லது நடையைக் கூட்டலாம். இருதயம் இரண்டையும் செய்கிறது. நல்ல தேகக்கட்டுள்ள வாலிபர் முழு மூச்சாக ஓடும்போது நிமிடத்திற்கு 20 முதல் 25 லிட்டர் வரை போகிறது. ஓய்வில் இருப்பதைப் போல நான்கு, ஐந்து மடங்கு. நம்முடைய தீபாவளி வியாபாரம்கூட அந்த அளவுக்கு ஒரே நிமிடத்தில் ஏறி, அடுத்த சில நிமிடத்தில் இறங்குவதில்லை.

ஹார்வி போட்ட கணக்கு

இரத்தம் சுற்றி வருகிறது என்பதையே உலகம் ஒரு கணக்கினால்தான் அறிந்தது. நாம் உண்ணும் உணவிலிருந்து ஈரல் ஓயாமல் புது இரத்தத்தை உண்டாக்குகிறது, உடம்பு அதைச் செலவழித்து விடுகிறது என்றுதான் ஐரோப்பாவில் சுமார் ஆயிரத்து நானூறு வருடம் நம்பினார்கள். வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய மருத்துவர் 1628இல் வெளியிட்ட நூலில் ஒரு சாதாரணப் பெருக்கல் போட்டார். ஒரு துடிப்புக்கு எவ்வளவு, அரை மணி நேரத்தில் எத்தனை துடிப்பு என்று பார்த்தார். எவ்வளவு குறைத்து மதிப்பிட்டாலும், அரை மணியில் வெளியேறும் இரத்தம் உடம்பில் உள்ள மொத்த இரத்தத்தைவிட அதிகமாக வந்தது. இன்றைய அளவுப்படி அரை மணிக்கு 147 லிட்டர். இவ்வளவு புதுச் சரக்கைக் கொள்முதல் செய்ய எந்த மனிதனும் சாப்பிட முடியாது. ஆகவே போன சரக்கே திரும்பி வருகிறது என்று முடிவு கட்டினார். இருப்புக் கணக்கைச் சரிபார்த்துத் தப்பைக் கண்டுபிடிக்கும் நம்மூர்க் கணக்குப்பிள்ளையின் வேலைதான் அது!

நெஞ்சைத் திறக்காமல் இந்த 5 லிட்டரை அளப்பது எப்படி? அதற்கு 1870இல் அடால்ப் பிக் என்ற ஜெர்மானியர் வழி சொன்னார். ஒரு லாரி 200 மூட்டையுடன் புறப்பட்டு 150 மூட்டையுடன் திரும்புகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு நடைக்கு விற்றது 50. மொத்தம் 250 மூட்டை விற்றிருந்தால் எத்தனை நடை? ஐந்து. இரத்தத்திலும் அதே கணக்குதான். ஒரு லிட்டர் இரத்தம் சுமார் 200 மில்லி பிராண வாயுவுடன் புறப்பட்டு 150 மில்லியுடன் திரும்புகிறது. ஓய்வாக இருக்கும் உடம்பு நிமிடத்திற்கு 250 மில்லி பிராண வாயுவைச் செலவிடுகிறது. 250ஐ 50ஆல் வகுத்தால் 5 லிட்டர்.

இரத்தசோகை உள்ளவர்களுக்கு ஏன் நெஞ்சு படபடக்கிறது என்பதும் இதிலிருந்தே புரியும். லாரியில் மூட்டை குறைவாக ஏறினால் நடையைக் கூட்டித்தானே ஆக வேண்டும்?

அளவைத் தீர்மானிப்பது யார்?

"இருதயம்தான் முதலாளி, அது நினைத்த அளவுக்கு இரத்தத்தை அனுப்புகிறது என்று நினைக்கிறீர்கள் அல்லவா?" என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்றேன். "இல்லை அண்ணாச்சி. உங்கள் கடையில் எத்தனை மூட்டை விற்க வேண்டும் என்று நீங்களா முடிவு செய்கிறீர்கள்?" என்றார்.

வாடிக்கையாளர்தான் முடிவு செய்கிறார். உடம்பிலும் அப்படியே. கால் தசை வேலை செய்யத் தொடங்கியதும் அங்கே பிராண வாயு குறைகிறது, கரிவாயு சேருகிறது. உடனே அங்குள்ள சிறு இரத்தக் குழாய்கள் தாமாகவே விரிந்து, அதிக இரத்தத்தை இழுத்துக் கொள்கின்றன. இழுத்த இரத்தம் இருதயத்துக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பி வருவதை எல்லாம் இருதயம் திருப்பி அனுப்புகிறது. இந்த உண்மையை விரிவாக நிறுவியவர் அமெரிக்காவின் மிசிசிப்பியைச் சேர்ந்த ஆர்தர் கைட்டன். அறுவை மருத்துவராக வேண்டியவர், 1946இல் இளம்பிள்ளை வாதம் தாக்கியதால் ஆராய்ச்சிக்கும் ஆசிரியப் பணிக்கும் வந்தார். 1956இல் முதற் பதிப்பு வந்த அவருடைய பாடநூலை நம் நாட்டு மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

இதற்கு ஓர் எளிய சான்று உண்டு. ஓய்வாகப் படுத்திருக்கும் ஒருவருக்கு மின்கருவி மூலம் துடிப்பை மட்டும் 70இலிருந்து 100க்கு ஏற்றினால் மொத்த அளவு பெரிதாகக் கூடுவதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் அளவு குறைந்து கணக்கு நேராகிவிடும். கடையை இன்னும் இரண்டு மணி நேரம் திறந்து வைத்தால் மட்டும் விற்பனை கூடி விடுமா? ஆள் வர வேண்டுமே!

வந்தது எல்லாம் அன்றைக்கே வெளியே

அதிகமாக வருவதை இருதயம் எப்படிச் சமாளிக்கிறது? இருதயத் தசைக்கு ஓர் அருமையான குணம் உண்டு. எவ்வளவு நிரம்பி விரிகிறதோ அவ்வளவு பலமாகச் சுருங்கும். 1895இல் ஓட்டோ பிராங்க் என்ற ஜெர்மானியர் தவளை இருதயத்தில் இதைக் கண்டார். 1914இல் லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் உடன் இருந்தவர்களும் நாயின் இருதயத்தில் விரிவாகச் சோதித்தார்கள். நரம்புத் தொடர்பு எதுவும் இல்லாமலே, வந்த இரத்தம் கூடக்கூட வெளியே தள்ளுவதும் கூடியது. இதனை இருதய விதி என்கிறார்கள்.

இந்த விதி இல்லாவிட்டால் நாம் ஒரு மணி நேரம்கூட உயிருடன் இருக்க முடியாது. இருதயத்தில் இரண்டு பம்புகள் இருக்கின்றன. வலது பக்கம் நுரையீரலுக்கும், இடது பக்கம் உடம்புக்கும் இரத்தத்தை அனுப்புகின்றன. இடதைவிட வலது ஒரு துடிப்புக்கு ஒரே ஒரு மில்லி அதிகமாகத் தள்ளுவதாக வைத்துக் கொள்வோம். நிமிடத்திற்கு 70 மில்லி, மணிக்கு 4 லிட்டருக்கு மேல் நுரையீரலில் தேங்கிவிடும்! அப்படி ஆகாமல், இடது பக்கத்துக்குக் கூடுதலாக வந்ததும் அது விரிந்து, பலமாகச் சுருங்கி, அந்தக் கூடுதலையும் தள்ளிக் கணக்கை நேர் செய்துவிடுகிறது. ஒரு பைசா வித்தியாசம் இல்லாமல் ஐந்தொகை போடும் கணக்குப்பிள்ளை எந்தப் பேட்டையிலும் இல்லை. நம் நெஞ்சுக்குள் இருக்கிறார்.

கடிவாளமும் சவுக்கும்

துடிப்பின் வேகத்தை நிர்ணயிப்பது இருதயத்தின் மேல் வலது அறையில் உள்ள ஒரு சிறு திசு. அதன் சொந்த வேகம் நிமிடத்திற்குச் சுமார் 100. மூளையிலிருந்து வரும் வேகஸ் என்ற நரம்பு அதனை எந்நேரமும் கடிவாளம் போல இழுத்துப் பிடித்து 70இல் வைத்திருக்கிறது. ஓடும்போதும் பயப்படும்போதும் முதலில் கடிவாளம் தளர்கிறது. பிறகு இன்னொரு வகை நரம்புகளும், இரத்தத்தில் கலக்கும் அட்ரினலினும் சவுக்கைச் சொடுக்குகின்றன. துடிப்பும் கூடுகிறது, சுருங்கும் பலமும் கூடுகிறது. வரி அதிகாரி கடை வாசலில் வந்து நின்றால் நமக்கு ஏற்படுவது இதுதான்!

நரம்பு எப்படி இருதயத்துடன் பேசுகிறது என்பதை 1921இல் கிராஸ் நகரத்து ஓட்டோ லோவி நிரூபித்தார். ஒரு தவளை இருதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி அதை மெதுவாகத் துடிக்கச் செய்தார். அந்த இருதயத்தில் இருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இருதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாயிற்று. ஆக, நரம்பு ஒரு இரசாயனப் பொருள் மூலம் உத்தரவு அனுப்புகிறது என்பது உறுதியாயிற்று. இந்தச் சோதனை தமக்குக் கனவில் தோன்றியதாகவும், முதல் நாள் இரவு தூக்கத்தில் கிறுக்கி வைத்த குறிப்பைக் காலையில் தம்மாலேயே படிக்க முடியவில்லை என்றும் அவரே கூறியிருக்கிறார். 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மாற்று இருதயம் பொருத்தியவர்களுக்கு இந்த நரம்புகள் அறுபட்டிருக்கும். ஆகவே அவர்கள் சும்மா இருக்கும்போதும் துடிப்பு 90, 100 என்று இருக்கும், கடிவாளம் இல்லையே! ஆனாலும் அவர்கள் நடக்கிறார்கள், படி ஏறுகிறார்கள். ஸ்டார்லிங்கின் விதியும் இரத்தத்தில் வரும் அட்ரினலினும் சேர்ந்து சமாளிக்கின்றன. நம் நாட்டில் முதன்முதலாக 1994 ஆகஸ்டு 3ஆம் நாள் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் வேணுகோபால் தலைமையில் வெற்றிகரமாக இருதய மாற்று அறுவை நடந்தது.

முதலாளி சாப்பிடும் நேரம்

இன்னொரு விஷயம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 0.8 வினாடி. அதில் சுருங்குவது 0.3 வினாடி, ஓய்ந்து நிரம்புவது 0.5 வினாடி. இருதயத்தின் இடது சுவர் தனக்கு வேண்டிய இரத்தத்தைப் பெரும்பாலும் இந்த ஓய்வு நேரத்தில்தான் பெறுகிறது. சுருங்கும்போது அதன் சொந்தக் குழாய்கள் நசுங்கிவிடும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கல்லாவிலேயே உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிடும் நம்மைப் போலத்தான். துடிப்பு வேகம் கூடினால் குறைவது பெரும்பாலும் ஓய்வு நேரம். நிரம்பவும் நேரமில்லை, சாப்பிடவும் நேரமில்லை. நல்ல இருதயம் இதைத் தாங்கிக்கொள்ளும். பழுதான இருதயம் தாங்காது.

மொத்த இரத்தத்தில் இருதயம் தனக்கென எடுத்துக் கொள்வது 5 சதவீதம் அளவுதான். மூளைக்குச் சுமார் 15 சதவீதம். இரண்டும் சேர்ந்து 300 கிராம் எடையுள்ள சிறுநீரகங்களுக்கு 20 சதவீதத்துக்கும் மேல். இவ்வளவு சிறிய உறுப்புக்கு இவ்வளவு பங்கா என்று கேட்காதீர்கள். அவைதான் உடம்பின் தணிக்கை அதிகாரிகள். என் கதையில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

35 சதவீதத்தின் பொருள்

இப்போது என் அறிக்கைக்கு வருவோம். நல்ல இருதயத்தின் இடது கீழறையில் சுமார் 120 மில்லி நிரம்பும். அதில் 70 மில்லியைத் தள்ளிவிட்டு 50 மில்லியை மிச்சம் வைத்துக் கொள்ளும். 120இல் 70 என்பது 58 சதவீதம். 55 முதல் 70 வரை இருந்தால் அதுவே முழு மதிப்பெண். நூற்றுக்கு நூறு என்பது யாருக்கும் கிடையாது.

எனக்குப் பத்து வருடமாக இருந்த பிரஷர் என்ன செய்தது? இருதயம் ஒவ்வொரு தடவையும் அழுத்தம் மிகுந்த குழாய்க்கு எதிராகத் தள்ள வேண்டியிருந்தது. வாசலில் ஆள் அடைத்து நின்றால் மூட்டையை வெளியே எடுக்க லோடுமேன் எவ்வளவு பாடுபடுவார்! முதலில் தசை தடித்தது. பிறகு அலுத்துத் தளர்ந்து, அறை விரிந்துவிட்டது. டாக்டர் ஒரு தாளில் உதாரணக் கணக்குப் போட்டுக் காட்டினார். விரிந்த அறையில் 200 மில்லி நிரம்புகிறது. 35 சதவீதம் வெளியே போகிறது. எவ்வளவு? அதே 70 மில்லி!

அந்த இடத்தில்தான் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. கல்லாவில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு குறையும் தெரியாததன் காரணம் இதுதான். அன்றாட வியாபாரம் நடந்து கொண்டிருந்தது. ஆனால் கையிருப்பு முழுவதும் கரைந்துவிட்டது. பதினெட்டுப் படி ஏறுவது என்பது திடீரென்று வரும் பெரிய ஆர்டர். கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. வெளியே பார்த்தால் நன்றாக நடக்கும் கடை, உள்ளே முதல் கரைந்து கிடப்பதை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்!

தணிக்கை அதிகாரி செய்த தவறு

இரத்த ஓட்டம் குறைந்ததும் சிறுநீரகம் அதைத் தவறாகப் புரிந்து கொள்கிறது. உடம்பில் இரத்தமே குறைந்துவிட்டது, காயம் பட்டு வெளியே போயிருக்கும் என்று நினைத்து, உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. குழாய்களைச் சுருக்கும் பொருள்களையும் சுரக்க வைக்கிறது. சரக்கு விற்காமல் கிட்டங்கி நிரம்பிக் கிடக்கும்போது, விற்பனை குறைந்ததைப் பார்த்துவிட்டுச் சரக்கு இல்லை போலிருக்கிறது என்று மேலும் பத்து லாரி கொள்முதல் செய்யும் குமாஸ்தாவை என்ன சொல்வது? கால் வீக்கம் அந்தச் சரக்குதான். இரவில் படுத்ததும் காலில் இருந்த நீர் இரத்தத்தில் கலந்து நெஞ்சுக்குத் திரும்பி நுரையீரலில் தேங்கும். என்னுடைய இருமலும் இரண்டு மணி மூச்சுத் திணறலும் அதுவே.

மூளையும் தன் பங்குக்குச் சவுக்கை எடுக்கிறது. அட்ரினலின் இரவும் பகலும் இருதயத்தை அடித்து ஓட்டுகிறது. சில நாளைக்கு ஓடும். மாதக்கணக்கில் அடித்தால் மாடு விழுந்துவிடும்.

மருத்துவ உலகமே ஒரு காலத்தில் என்னைப் போலத்தான் நினைத்தது. பலவீனமான இருதயத்தைத் தூண்டிவிட வேண்டும் என்று மில்ரினோன் என்ற மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1991இல் வெளியான பெரிய ஆய்வு முடிவில், அந்த மாத்திரை சாப்பிட்டவர்களிடையே மரணம் 28 சதவீதம் அதிகமாக இருந்தது. இதற்கு நேர்மாறாக, துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தை ஸ்வீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகர மருத்துவர்கள் 1975இலேயே ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டதாக எழுதினார்கள். பலர் நம்பவில்லை. 1999இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் ஒவ்வொன்றிலும் மரணம் 34 சதவீதம் குறைந்தது. சவுக்கை விலக்கி, ஓய்வு நேரத்தைத் திருப்பிக் கொடுத்ததும் இருதயம் மெல்ல மெல்லத் தேறியது. அதேபோல் சிறுநீரகத்தின் தவறான உத்தரவைத் தடுக்கும் எனலாப்ரில் 1987இலும், சர்க்கரை நோய்க்காக வந்த டாபாக்லிப்ளோசின் 2019இலும் இருதயத் தளர்ச்சிக்குப் பயன்படுவது நிரூபணமாயிற்று.

நான் நிறுத்திய மாத்திரைகளில் இருந்தது எனலாப்ரிலும் பீட்டா பிளாக்கரும்தான். அவை எனக்குப் பிரஷருக்காக மட்டும் கொடுக்கப்பட்டவை அல்ல. பீட்டா பிளாக்கரைச் சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் பொறுத்துப் பொறுத்துக் கூட்ட வேண்டும். அதைத் திடீரென்று நிறுத்துவது, இழுத்துப் பிடித்திருந்த வண்டியை இறக்கத்தில் கைவிடுவதற்குச் சமம். நான் அதைத்தான் செய்தேன்.

வணிகர்கள் கவனத்திற்கு

நம் தொழிலுக்கு என்று சில விஷயங்கள் உண்டு. ஒரே இடத்தில் நின்றால் சுமார் அரை லிட்டர் இரத்தம் காலுக்கு இறங்கிவிடுகிறது. அதை மேலே ஏற்றுவது கெண்டைக்கால் தசை. அது அசைந்தால்தான் ஏற்றும். அதனால்தான் அதற்கு இரண்டாவது இருதயம் என்று பெயர். ஆகவே நின்றாலும் உட்கார்ந்தாலும் அரை மணிக்கு ஒரு தடவை நாலு எட்டு நடந்து வாருங்கள். அல்லது குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். நீண்ட நேரம் உட்கார்ந்து சட்டென்று எழும்போது தலை சுற்றினால் ஒரு கணம் நின்று பிறகு நடங்கள். கழுத்துக் குழாயில் உள்ள அழுத்தம் அறியும் நரம்புகள் சில வினாடிகளில் சரி செய்துவிடும்.

உப்பு, ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

பிரஷரை வருடம் ஒரு முறையாவது அளந்து பாருங்கள். இருந்தால் மாத்திரையை விடாதீர்கள். வாடகை கொடுப்பது போல மாதந்தவறாமல் செய்ய வேண்டியது அது.

இருதயத் தளர்ச்சி உள்ளவர்கள் தினமும் காலையில் எடை பாருங்கள். நம்மிடம் இல்லாத தராசா! மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை அல்ல, தேங்கிய நீர். அன்றே டாக்டரைப் பாருங்கள். என் பேரேட்டின் ஓரத்தில் இப்போது தினமும் என் எடையும் ஒரு வரவாக ஏறுகிறது.

படி ஏறினால் புதிதாக மூச்சு வாங்குவது, கால் வீக்கம், தலையணை இரண்டு மூன்று வைத்தால்தான் தூக்கம் வருவது, இரவில் திணறி எழுவது ஆகியவற்றை சீசன் முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். சீசன் அடுத்த வருடமும் வரும்.

முக்கியமாக, மாத்திரையை நிறுத்தும் முடிவை எழுதிக் கொடுத்தவரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். நம் கடைக் கணக்கைப் பக்கத்துக் கடைக்காரர் யோசனையில் முடிப்போமா?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஒரு நாளும் நான் மாத்திரையைத் தவறவிடவில்லை. அடுத்தடுத்த எக்கோவில் 35 என்பது 40 ஆகி, இப்போது 47இல் நிற்கிறது. பழைய முதல் முழுவதும் திரும்பவில்லை. ஆனாலும் கடை நடக்கிறது. பதினெட்டுப் படியை நடுவில் ஒரு தடவை நின்று ஏறிவிடுகிறேன். மூட்டை எண்ணும் வேலையைப் பையனிடம் கொடுத்துவிட்டேன். போன மாதம் அவனையும் இழுத்துக் கொண்டு போய்ப் பிரஷர் பார்க்க வைத்தேன். அவனுக்கு வயது 34. கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. "சீசன் முடியட்டும் அப்பா" என்றான். நான் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

நமது சங்கத்தில் மாதக் கூட்டம் நடக்கும் அன்று, ஒரு பிரஷர் கருவியையும் ஒரு செவிலியரையும் வரவழைத்து உறுப்பினர் அனைவருக்கும் அளந்து பார்த்தால் என்ன என்று செயற்குழுவைக் கேட்டுக் கொள்கிறேன். கருவியின் செலவை நான் ஏற்கச் சித்தமாக இருக்கிறேன்.

வாழ்க வணிகர் ஒற்றுமை! வளர்க நம் நலம்!